மலைப்பாதையில் ஒரு தெளிந்த குரல்

மலைநாட்டின் எழிலைப் புகழ்ந்து எழுதாதவர் இலர். பனி போர்த்த சிகரங்களையும், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகளையும், அருவிகளையும் எழுத்தில் வடித்தோர் பலர். ஆயின் இவையெல்லாம் கண்ணுக்குரியவை. இம்மலைகளின் செவிக்குரிய வாழ்வைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

உடப்புசல்லாவைப் பகுதியில் ஒரு நாளைச் செவியால் அளந்து பாருங்கள். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பின் முழக்கம் முதியோர் நினைவில் இன்றும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. தேயிலை ஸ்டோரின் இயந்திர ஓசை, மழைக்காலத்து ஓடையின் சலசலப்பு, கோயிலிலிருந்து மிதந்துவரும் பாட்டு, இவற்றோடு வளைவுகளில் மூச்சு வாங்கி ஏறும் வண்டிகளின் இரைச்சல். இவையே எங்கள் நாளின் பண்கள். அவற்றுள் கடைசியாகச் சொன்ன வண்டிக்குள்ளே ஒலிக்கும் வானொலியையும் பாட்டையும் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

“வண்டிக்கு ஸ்பீக்கர் மாற்றுவது இளைஞர் விளையாட்டு, அதற்கு ஒரு கட்டுரையா?” என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் மலைநாட்டான் தன் வாழ்நாளில் எத்தனை மணி நேரத்தை வண்டிக்குள் கழிக்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தால், விளையாட்டுக்குள் ஒரு வாழ்க்கைப் பொருள் மறைந்திருப்பது புலப்படும்.

வண்டியே துணை

ஒரு காலத்தில் இப்பக்கத்துக்குப் புகைவண்டி இருந்தது. நானுஓயாவில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறிய இருப்புப்பாதை ஒன்று மலையைச் சுற்றி வந்தது. 1903ஆம் ஆண்டின் இறுதியில் அதன் முதற்பகுதி திறக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் புகைவண்டிப் பாதை என்றே அதற்குப் பெயர். 1948இல் அது மூடப்பட்டது. அன்று முதல் இம்மக்களுக்கு நெடுஞ்சாலையே கதி. மருத்துவமனைக்குப் போவோரும், மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளும், மரக்கறி மூட்டைகளும், மணமக்களும், பிரேதப் பெட்டியும் ஒரே சாலையில், ஒரே வகை வான் வண்டிகளிலேதான் போய்வர வேண்டும்.

வரைபடத்தில் விரற்கடை அளவாகத் தோன்றும் தூரத்தைக் கடக்க, வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். அந்நேரத்தில் துணையாக இருப்பது வானொலி. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரைப் பெற்றது; 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. தமிழகத்தின் சிற்றூர்களும் காது கொடுத்துக் கேட்ட அந்தத் தமிழ் ஒலிபரப்பின் இனிமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று தென்றலும் சூரியனும் சக்தியும் எனப் பல அலைவரிசைகள் வந்துவிட்டன.

பாட்டுக்காக மாத்திரம் வானொலி கேட்பதில்லை. மரண அறிவித்தலில் வருகின்ற பெயர் நம் உறவினர் பெயர்தானா? நாட்சம்பளப் பேச்சுவார்த்தையில் முடிவு என்ன? பாதை திறந்திருக்கிறதா? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது, மண்சரிவுகள் பாதைகளை அறுத்தன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. அத்தகைய வேளையில் நிறுத்தியிருக்கும் வண்டியின் பற்றரியும் அதிலுள்ள வானொலியுமே உலகத்தோடு நம்மைப் பிணைக்கும் நூல். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் எந்தப் பிரதேசச் செயலகப் பிரிவின் பெயர் சொல்லப்பட்டது என்பது விளங்காமற் போனால், அந்த ஒலிபெருக்கி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

ஆகவே வண்டியில் நல்ல ஒலி என்பதற்கு என் இலக்கணம் இதுதான்: மலையேறும் இரைச்சலுக்கு நடுவிலும் சொல் விளங்க வேண்டும். சொல் விளங்கினால் இசை தானாகவே இனிக்கும்.

காகிதக் கூம்பின் கதை

இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அமைப்பு நூறாண்டுப் பழமையுடையது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் 1925ஆம் ஆண்டு அதனை விளக்கி வெளியிட்டனர். கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டிலே என்பது ஒரு சுவையான பொருத்தம். காந்தத்தின் இடுக்கில் ஒரு சிறு கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. கூம்பின் விளிம்பைத் தாங்கும் மென்மையான வளையம். சுருளில் மின்னோட்டம் ஏறியிறங்க, கூம்பு முன்னும் பின்னுமாய் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அக்காற்றின் அசைவே நம் செவியில் பாட்டாகிறது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டரோலா’ என்ற பெயருடன் மோட்டார் வண்டிக்குரிய வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் வண்டியும் வானொலியும் இணைபிரியாதவை ஆயின.

தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வரும் ஒலிபெருக்கி பெரும்பாலும் எளிய பொருள்தான். மெல்லிய காகிதக் கூம்பு, சிறு காந்தம், இலேசான சட்டம். பாட்டின் அடித்தள முழக்கத்தையும் உச்சத்துச் சலங்கையொலியையும் ஒரே கூம்பே சுமக்க வேண்டும். உற்பத்தியாளர் எடையையும் செலவையும் குறைக்கிறார், அதில் வியப்பில்லை. புதிய வண்டியில் அது ஓரளவு இனிமையாகவே பேசும். ஆயின் எங்கள் ஊருக்கு வருகின்ற வண்டிகள் எத்தகையவை? பல, ஜப்பானில் ஓடி முடித்து, கப்பலேறி வந்தவை. இலங்கை 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் உள்ள வண்டியையே பழுதுபார்த்து ஓட்டினோம். வண்டி மூத்தது, அதன் கதவுக்குள் இருந்த காகிதமும் மூத்தது.

காகிதத்துக்கும் மூடுபனிக்கும் ஆகாது. இதனைத் தப்பு அடிப்பவரிடம் கேட்டால் ஒரு வரியில் விளக்கிவிடுவார். காமன் கூத்து நடக்கும் இரவுகளில், தப்பைக் கையிலெடுத்தவர் முதலில் செய்வது என்ன? வைக்கோலோ சருகோ கொளுத்தி, தோலை அனலில் காட்டுகிறார். ஈரத்தில் தளர்ந்த தோல் இறுகிய பின்னரே அடி விழுகிறது. காகிதக் கூம்பும் அத்தகையதே. ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்துக் காய்ந்து குடித்துக் காய்ந்து, அது தன் விறைப்பை இழக்கிறது. விளிம்பு வளையம் வெடிக்கிறது. சுருள் துருவேறிய இடுக்கில் உரசுகிறது. தப்பை அனலில் காட்டலாம். கதவுக்குள் இருக்கும் கூம்பை அவ்வாறு காட்ட இயலாதே!

நோய் எங்கே?

என் வான் வண்டியும் இவ்வாறு ஜப்பானிலிருந்து வந்த மூதாட்டிதான். சென்ற ஆண்டு அதன் முன்கதவு ஒலிபெருக்கிகள் இரண்டும் கரகரத்தன. செய்தி வாசிப்பவர் தொண்டை கட்டியவர்போல் பேசினார். உடப்புசல்லாவைக் கடைத்தெருவில் வாகன மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். லயத்தில் பிறந்து, கொழும்பில் தொழில் பழகி, ஊர் திரும்பியவர். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

“தம்பி, நல்லதா ரெண்டு ஸ்பீக்கர் போட்டுக் குடுங்க” என்றேன்.

அவர் உடனே பெட்டியைப் பிரிக்கவில்லை. “சேர், கொஞ்சம் பொறுங்க. முதல்ல நோய் எங்கன்னு பாப்போம்” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவர் கைதேர்ந்தவர் என்பதை உணர்ந்தேன்.

அவர் மூன்று சோதனைகள் செய்தார். மூன்றையும் வாசகர் தம் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம்.

முதலாவது, வானொலியை விடுத்துத் தெளிவாகப் பதிவான ஒரு பாடலை ஒலிக்கச் செய்தார். காரணம் உண்டு. எப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. மலையொன்று குறுக்கிட்டால் அதன் மறுபக்கத்தில் அவை மெலியும். பாறைகளில் மோதித் திரும்பும் அலைகள் நேர்வரவோடு கலந்து சிதைவை உண்டாக்கும். வளைவுக்கு வளைவு தோன்றி மறையும் இரைச்சல் அதனால் வருவது; ஒலிபெருக்கி என்ன பாவம் செய்தது? மேலும், ஜப்பானிய வானொலிப் பெட்டிகள் அந்நாட்டு முறைப்படி 76 மெகாஹேர்ட்சில் தொடங்கி 90 வரையிலேயே கேட்கும். பின்னாளில் வந்தவை 95 வரை. நம் நாட்டு நிலையங்களோ 108 வரை பரந்துள்ளன. அலைவரிசையைக் கீழிறக்கித் தரும் சிறு பெட்டியொன்றை இடையில் பொருத்தி இக்குறையைச் சமாளிப்பது வழக்கம். அப்பெட்டி மட்டமானதாயின் இரைச்சல் அதிலிருந்தே பிறக்கும். இத்தகைய வண்டியில் வானொலிப் பெட்டியை மாற்றுவதே முதற் சிகிச்சை.

இரண்டாவது, ஒலியை இடம் வலம், முன் பின் என்று ஒவ்வொரு மூலையாக ஒதுக்கி, ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் தனித்தனியே கேட்டார். எது கரகரக்கிறது, எது ஊமையாயிற்று என்பது இதில் வெளியாகிவிடும்.

மூன்றாவது சோதனைதான் என்னை வியக்க வைத்தது. ஒலிபெருக்கியைக் கழற்றி, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டார். நேர்முனையில் நேர்முனை பட்டபோது கூம்பு வெளிப்பக்கமாக அசைந்தது. “இது சரி. ஆனா இந்தப் பக்கத்துக் கதவுல வயர மாத்திக் குடுத்திருக்காங்க சேர். ஒண்ணு வெளிய தள்ளும்போது மத்தது உள்ள இழுக்குது” என்றார். முன்பு எப்போதோ யாரோ செய்த வேலை. இரண்டும் எதிரெதிராக அசையும்போது, ஒன்று தள்ளும் காற்றை மற்றது விழுங்கிவிடுகிறது. தாழ்ந்த சுரங்கள் மறைந்துபோகின்றன. பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் எங்கோ மிதக்கிறது. ஒரு சதமும் செலவில்லாமல் வயரை மாற்றினாலே பாதி நோய் தீரும் வண்டிகள் எத்தனையோ!

கதவு என்னும் பத்தர்

எனினும் என் வண்டியின் கூம்புகள் கிழிந்திருந்தன, மாற்றவே வேண்டியிருந்தது. ஆறரை அங்குல அளவில், நான்கு ஓம் தடையுடைய புதிய இணையொன்றைத் தெரிந்தோம். கூம்பு காகிதமன்று, ஈரம் ஏறாத பொலிபுரொப்பிலீன். உச்ச சுரங்களுக்கென்று நடுவிலே தனியாக ஒரு சிறு ஒலிபெருக்கி உண்டு. இதனை ஓரச்சு வகை என்பர். உச்ச சுரத்துக்குரியதைத் தனியே பிரித்துக் கண்ணாடி மூலையில் பொருத்தும் வகையும் உண்டு. அது செவிமட்டத்துக்கு அருகில் இருப்பதால் குரல் காலடியிலிருந்து வராமல் முகத்துக்கு நேரே வரும். செலவும் வேலையும் சற்று மிகுதி.

வாங்குமுன் அளக்க வேண்டியது விட்டத்தை மட்டுமன்று, ஆழத்தையும். கதவுக்கண்ணாடி கீழிறங்கும்போது காந்தத்தின் முதுகில் இடித்தால், அழகிய ஒலிபெருக்கி அலுமாரியில்தான் இருக்க வேண்டும்.

பொருத்தும்போது அவர் சொன்னது: “சேர், ஸ்பீக்கர் மாத்தினா மட்டும் போதாது. கதவு வேலைதான் முக்கியம்.”

இதனைக் கேட்டதும் என் மனம் யாழை நினைத்தது. கிழக்கிலங்கை ஈன்ற விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ பண்டைத் தமிழரின் இசைக்கருவியை நமக்கு மீட்டுத் தந்தது. யாழிலே நரம்புகள் எத்துணை நுண்ணியவையாயினும், அவற்றைத் தாங்கும் ‘பத்தர்’ என்னும் குடமும் அதன் மேற் போர்த்த தோலும் செவ்வையாக இல்லாவிடின் இசை பிறவாது. நரம்பு பேசத் தொடங்குகிறது. பத்தரே அதனைப் பேச்சாக்குகிறது. வண்டியில் ஒலிபெருக்கி நரம்பு, கதவே பத்தர்.

கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே வெற்றிடம் உண்டாகிறது. முன்னலையும் பின்னலையும் சந்திக்க விட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும்; முதலில் அழிவன தாழ்ந்த சுரங்கள். மத்தளத்தின் தொப்பி ஒலி கேளாமற் போவது இதனால்தான். எனவே இரு பக்கங்களையும் பிரிக்கும் சுவர் வேண்டும். வண்டிக் கதவின் உட்தகட்டிலோ கையளவுத் துளைகள் பல; வெளித்தகடோ மெல்லிய இரும்பு, தட்டினால் தகரம்போல் அதிரும்.

அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். வெளித்தகட்டின் உட்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, அலுமினியம் முகப்பிட்ட பியூட்டைல் இறப்பர் தாளை நடுப்பகுதியில் அழுத்தி ஒட்டினார். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை; கால்பங்கு பரப்பை மூடினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். தட்டிப் பார்த்தேன், தகரவொலி போய், தடித்த புத்தகத்தைத் தட்டியதுபோன்ற ஒலி வந்தது. பிறகு உட்தகட்டின் பெருந்துளைகளை மூடினார். ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையில் வைக்கும் வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது. அட்டைமரத் தூளில் அழுத்திச் செய்த வளையம் மலிவுதான்; ஆயின் எங்கள் மழையில் அது பாணைப்போல் ஊதிவிடும்.

இங்கே மலைநாட்டார் மறக்கலாகாத எச்சரிக்கைகள் இரண்டு. கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. எக்காரணம் கொண்டும் அவற்றை அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு நீர்த்தொட்டியாகித் துருப்பிடிக்கும். அடுத்தது, உட்பலகைக்குப் பின்னே ஒட்டியிருக்கும் பொலித்தீன் தாள். பயனற்றதென்று எண்ணி அதைக் கிழித்தெறிவோர் உண்டு. உள்ளே வழியும் நீர் பயணியின் மடியில் விழாமல் காப்பது அதுதான். அதனை மீண்டும் ஒட்டவேண்டும்.

கூரையில் மழை ஒழுகுவதைத் தடுக்கும் தார்த்தாளை விலை மலிவு கருதிக் கதவில் ஒட்டுவோரும் உளர். வெயிலில் அது உருகி நாறும். ஒட்டாமலிருப்பதே நன்று.

வாட் கணக்கும் வயர்க் கணக்கும்

வானொலிப் பெட்டியின் முகப்பில் ‘50 வாட் நான்கு’ என்று பளபளப்பாக எழுதியிருக்கும். அதனை நம்பி மகிழ்வோர்க்கு ஒரு சிறு கணக்கு. எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். அதிலிருந்து கிடைக்கக்கூடிய தூய அலையின் பயனுறு அழுத்தம் 10 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதனைத் தன்னாலேயே பெருக்கி, நான்கு ஓமால் வகுத்தால் 26 வாட் வருகிறது. இழப்புகளைக் கழித்தால் நிலையாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியதே. எஞ்சியது எழுத்தில் மட்டும்.

இதனால் மனம் தளர வேண்டியதில்லை. ஒலிபெருக்கிகளுக்கு ‘உணர்திறன்’ என்று ஓர் அளவு உண்டு: ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலிக்கும் என்பது. 87 டெசிபெல் உடையதற்கும் 90 டெசிபெல் உடையதற்கும் இடையே மூன்றுதானே வேறுபாடு என எண்ணலாகாது. அம்மூன்றை ஈடுசெய்ய இருமடங்கு மின்வலு வேண்டும். ஆகவே வானொலிப் பெட்டியின் சிறு வலுவையே நம்பியிருப்போர், ‘300 வாட்’ என்று பறைசாற்றும் பெட்டியைத் தேடாமல் உணர்திறன் மிக்கதைத் தேடுவதே அறிவுடைமை.

வலு போதாத பெட்டியை முழு அளவுக்கு முறுக்கினால், அலையின் உச்சி வெட்டுண்டு ஒலி கடுமையாகும். உச்ச சுரத்துக்குரிய சிறு ஒலிபெருக்கி கருகும். ஒரே வாயில் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் கோத்தால் தடை நான்கு ஓமிலிருந்து இரண்டாகக் குறையும். பெட்டி சூடேறிச் சாகும். தனியாக வலுப்பெருக்கி வைப்போர், பற்றரியிலிருந்து இழுக்கும் வயரில், பற்றரிக்கு மிக அருகிலேயே உருகி ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். உருகி இல்லாத வயர் எங்கேனும் தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், பாட்டுக் கேட்க வைத்த கம்பி வண்டியையே எரித்துவிடும். பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்காரர் இதனை மனத்திற் பதிக்க வேண்டும்.

உரப்பு வேறு, தெளிவு வேறு

வேலை முடிந்தபின் நான் சற்றும் எதிர்பாராத ஒன்றை அந்த இளைஞர் செய்தார். இருக்கையின் கீழ்க் கிடந்த ஜாக்கியையும் ஸ்பனர்களையும் பழந்துணியில் சுற்றி இறுகக் கட்டினார். கதவுகளின் தேய்ந்த இறப்பர் ஓரங்களைப் பார்த்து, மாற்றச் சொன்னார். “இரைச்சலக் கொறைச்சா, அதுவே பாட்டக் கூட்டின மாதிரிதான் சேர்” என்றார்.

எத்துணை பொருள் பொதிந்த பேச்சு! நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 2400 முறை சுழலும்போது, வினாடிக்கு 80 வெடிப்புகள் நிகழ்கின்றன. இரண்டாம் கியரில் கந்தப்பளை ஏற்றத்தில் முனகும் வண்டியின் அடித்தொனி அதுதான். ஆண்குரலின் அடித்தொனியும் மத்தளத்தின் தாழ்ந்த ஒலியும் அதற்கு அண்மையிலேயே வாழ்கின்றன. தாழ்ந்த இரைச்சல் தன்னினும் உயர்ந்த ஒலிகளையும் மறைக்கும் இயல்புடையது. இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுகிறோம்; கூட்டிய ஒலியால் கதவு அதிர்ந்து புதிய இரைச்சலைப் பிறப்பிக்கிறது; மீண்டும் கூட்டுகிறோம். முடிவில்லாத இப்போட்டியில் தோற்பது செவி ஒன்றே.

செவியின் பொறுமைக்கும் ஓர் எல்லையுண்டு. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபெல்லாயின் 4 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. சில பஸ் வண்டிகளில் பயணிகளின் தலைக்கு மேலே தொங்கும் பெட்டிகளை நினையுங்கள். பயணி இறங்கிப் போய்விடுவார். ஓட்டுநரும் நடத்துநரும் அந்த வாரக் கணக்கை ஒரே நாளில் தீர்த்துவிடுகிறார்கள். செவியின் உள்ளே அழிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. கைக்குழந்தையோடு மருத்துவமனைக்குப் போகும் தாய், “கொஞ்சம் கொறைங்க அண்ணே” என்று கெஞ்சியும் குறையாத பாட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது பாட்டன்று; பலவந்தம்.

இன்னொன்றும் உண்டு. மலைவளைவிலே ஓட்டுநருக்குக் கண்ணைவிடக் காது முந்தித் துணை செய்கிறது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது, எதிரே இறங்கும் லொறியின் ஹோர்ன் ஒலியே எச்சரிக்கை. அந்த ஒலியை விழுங்கும் இசை எத்துணை இனியதாயினும் நமக்கு வேண்டாம்.

என் வண்டியில் வேலை முடிந்த மறுவாரம், தோட்டத்தில் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்மணி ஒருவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். பல்லாண்டுகளாகச் செவி மந்தம் என்று எல்லோரும் அவரிடம் உரக்கப் பேசுவது வழக்கம். வானொலியை வழக்கத்தினும் தாழ்வாகவே வைத்திருந்தேன். இராகலையைத் தாண்டும்போது செய்தி வந்தது. அவர் கையை உயர்த்தி, “வெளங்குது மாஸ்டர்! என்னா சொல்றாங்கன்னு வெளங்குது” என்றார். அதற்குப் பின் வழிநெடுக அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டே வந்தார். உரக்கக் கத்தும் உலகத்தில், அவருக்கு வேண்டியிருந்தது தெளிவு ஒன்றுதான் போலும்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பணம் சேர்ந்ததும் மிகப் பெரிய பெட்டியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் நோயைக் காணுங்கள். வயரின் முனைகளைச் சோதியுங்கள். கிழிந்த கூம்பை மாற்றுங்கள். கதவைப் பத்தராக்குங்கள். ஆடும் பொருளைக் கட்டுங்கள். இவை அனைத்தும் முடிந்த பின்னும் ஆசை எஞ்சினால், வலுப்பெருக்கியைப் பற்றி எண்ணலாம்.

இருப்புப்பாதை போய்விட்டது, இனி வருமென்ற நம்பிக்கையும் இல்லை. நீண்ட வளைவுப் பாதையே நமக்கு எஞ்சியது. அப்பாதையில் நம்மோடு பயணம் செய்வோர்க்கு இடம் கொடுக்கிறோம். குடையை வாங்கி வைக்கிறோம். மூட்டையை ஏற்றி உதவுகிறோம். அவர்கள் செவிக்கும் அத்தகைய உபசாரம் செய்வோமாக.